கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத நாட்கள்

முழங்கை முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரித்த அன்று மதியம் ரசம் சாதத்தைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்தேன். கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. விரல்களுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. தலையைக் குனிந்து பார்த்தேன். அப்போதும் நான்கு விரற்கடை மிச்சம் இருந்தது. பெரிய வலி ஒன்றும் இல்லை. கதவுக்குப் பின்னால் பெட்டியை நகர்த்தி வைத்து அடைத்ததுபோல, அதற்கு மேல் மடங்க இடமே இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று எத்தனையோ முறை பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று அது சொல்லுக்குச் சொல் எனக்கே நடந்தது. மகள் நீளக் காம்புள்ள கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். 46 வயது. அப்பா தச்சர், இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் தேக்குக் கதவுகளைச் சீர்செய்வதிலேயே நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர். கதவு, நிலை, கீல் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆனால் என் கைக்குள்ளும் ஒரு கீல் இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது, எப்படிக் கெடுகிறது என்பதையெல்லாம் கெட்ட பிறகுதான் கற்றுக்கொண்டேன். அதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கார்த்திகை மழை முடியும் நேரம். கொல்லைப்புறத்தில் துவைக்கும் கல்லருகே பாசி படிந்திருந்தது. வழுக்கியபோது, எல்லோரும் செய்வதுபோல, வலது கையை முன்னால் ஊன்றினேன். விழுந்தது உள்ளங்கையில், முறிந்ததோ முழங்கையில். இது எனக்கு வெகுநாள் புதிராக இருந்தது. ஊன்றிய கையின் வழியாக உடலின் எடை முழுவதும் முன்கையில் உள்ள ரேடியஸ் எலும்பில் ஏறி, அதன் மேல்முனையைக் கொண்டுபோய் மேற்கை எலும்பில் மோதவைத்திருக்கிறது. அந்த மேல்முனை ஒரு சிறிய வட்டத்தட்டு. அதில்தான் கீறல் விழுந்தது. முறிந்த துண்டு விலகவில்லை, அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். முழங்கையைச் செங்கோணத்தில் மடித்து மாவுக்கட்டுப் போட்டு, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்.

நான் போனது ஆறாவது வாரம். முதலில் அரையாண்டுத் தேர்வு, பிறகு விடுமுறை, பிறகு பொங்கல். அதைவிடப் பெரிய காரணம், கட்டு இருக்கும்வரை எலும்பு பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கை. "எலும்பு கூடும்வரை அசைக்காதே" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்; எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. பத்து நாளில் வரச் சொன்னது எலும்பைப் பார்ப்பதற்காக மட்டும் இல்லை, மூட்டை அசைக்கத் தொடங்குவதற்காக என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. விலகாத இந்த வகை முறிவுக்கு நீண்ட ஓய்வைவிடச் சீக்கிரம் அசைப்பதே மருந்து. அதனால் முதல் பாடம் இதுதான்: மருத்துவர் மறுபடி வரச் சொன்ன நாளை எந்தத் தேர்வுக்காகவும் பண்டிகைக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். "எந்த நாளிலிருந்து அசைக்கலாம், எவ்வளவு அசைக்கலாம்" என்று முதல் நாளே கேட்டு, மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவற்றைக் கட்டுப் பிரித்த வாரத்தில் செய்தேன். எண்ணெய் தேய்த்து நீவி எடுத்துவிடும் ஓர் அம்மாவை எதிர்வீட்டு அக்கா அழைத்துவந்தார். நல்லெண்ணெயைச் சூடாக்கி, முழங்கையின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து நீட்டினார். மூன்றாம் நாள் கொஞ்சம் பலமாகவே நீட்டினார். அன்று இரவே முழங்கை வீங்கி, தோல் பளபளத்தது. நேராக நீண்ட கையை 0 என்று வைத்தால், 100 பாகைவரை மடங்கிய கை, மறுநாள் 85 பாகையில் நின்றது. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நல்லது செய்யத்தான் வந்தார். ஆனால் எலும்பு மருத்துவர் படத்தை வைத்து விளக்கியபோது எனக்கு நெஞ்சு படபடத்தது. முழங்கையின் முன்னால், மூட்டைப் பைபோலச் சுற்றியிருக்கும் மூட்டுறையை ஒட்டி, பிரேக்கியாலிஸ் என்ற தசை படுத்திருக்கிறது. அடிபட்ட மூட்டை அழுத்தித் தேய்த்தாலோ வலிந்து நீட்டினாலோ அந்தத் தசைக்குள் நுண்ணிய கிழிசல்கள் ஏற்பட்டு, ரத்தம் கசியும். சிலருக்கு அந்த இடத்தில், தசைக்குள்ளேயே, எலும்பு வளரத் தொடங்கிவிடும். அப்படி வளர்ந்த எலும்பு கீலின் வாயில் கல்லை வைத்ததுபோல மூட்டை அடைத்துவிடும். மூன்று வாரம் கழித்து மறுபடி படம் எடுத்தார்கள். எனக்கு அப்படி எதுவும் வளரவில்லை. அந்த மூன்று வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை.

முழங்கையில் அடிபட்டவர்களுக்கு நம் ஊரில் முதலில் கிடைக்கும் உதவி எண்ணெய்தான். தயவுசெய்து அந்த மூட்டில் வேண்டாம். இதைக் குரலை உயர்த்தியே சொல்ல விரும்புகிறேன்.

இனி மூட்டைப் பற்றி. பிசியோதெரபி அறையில் பிளாஸ்டிக் எலும்புகளைக் கம்பியால் கோத்த ஒரு கை மாதிரி இருந்தது. பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். "டீச்சர், இதை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள்; பிறகு பயிற்சியைத் தொடங்கலாம்" என்று கொடுத்தார். அந்தப் பத்து நிமிடம் எனக்கு மிகவும் பயன்பட்டது. மேற்கை எலும்பின் அடிமுனை உருண்டையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது கிணற்றுக் கப்பியைப்போல, நடுவில் பள்ளமும் இருபுறம் விளிம்பும் கொண்டதாக இருந்தது. முன்கையின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பான அல்னா, மேல்முனையில் பிறைபோல வளைந்து, அந்தக் கப்பியைக் கவ்விக்கொள்கிறது. பிறையின் உள்ளே மெல்லிய மேடு ஒன்று. அது கப்பியின் பள்ளத்தில் ஓடுகிறது. அதனால் மடங்கலாம், நீளலாம். பக்கவாட்டில் போக வழியே இல்லை. கீல் மூட்டு என்பது இதுதான்: ஒரே அச்சு, ஒரே தளத்தில் இயக்கம்.

மாதிரியை முழுக்க நீட்டியபோது அல்னாவின் பின்முனை, அதாவது நாம் மேசையில் ஊன்றும் முழங்கைக் கூர், மேற்கை எலும்பின் பின்பக்கத்தில் இருந்த ஒரு குழிக்குள் போய் அமர்ந்தது. கதவு சுவரில் மோதாமலிருக்கத் தரையில் அடிக்கும் தடுப்புக்கட்டைபோல, கை பின்னால் வளையாமல் நிறுத்துவது அந்தக் குழிதான். முன்பக்கமும் இதுபோலச் சிறிய குழி ஒன்று உண்டு. மடக்கும்போது அல்னாவின் முன்நுனி அதில் இறங்குகிறது. உடம்பில் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும் இணைப்புகள் அதிகம் இல்லை. அந்தப் பொருத்தம்தான் முழங்கைக்குப் பலம். இடம் இவ்வளவு இறுக்கமாக இருப்பதால் கொஞ்சம் தழும்பு சேர்ந்தாலும் மூட்டு நின்றுவிடுகிறது.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "ஊசி எங்கே அம்மா இருக்கிறது?" என்று கேட்டார். இரும்புக் கீலில் இரண்டு இலைகளைக் கோத்து நடுவே ஓர் ஊசி ஓடும். பழைய கதவுகளில் கீலும் கிடையாது. கதவின் மேலும் கீழும் குடுமி நீண்டிருக்கும், அது நிலையின் குழியில் நின்று சுழலும். முழங்கையில் ஊசியும் இல்லை, குடுமியும் இல்லை. கப்பியின் நடுவே ஓடுவதாக நாம் கற்பனை செய்துகொள்ளும் ஒரு கோடுதான் அச்சு. அந்தக் கோட்டிலிருந்து எலும்புகள் விலகாமல் இருபக்கமும் இழுத்துக் கட்டியிருப்பவை தசைநார்கள். லிகமென்ட் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். முன்னும் பின்னும் உறை மெல்லியதாக, மடிப்புடன் இருக்கிறது. அங்கே தடிப்பாக இருந்தால் மடங்க முடியாது. பக்கங்களில்தான் பலமான கட்டு. விரல் கணுக்கள், முழங்கால், கணுக்கால் என்று எல்லாக் கீல் மூட்டுகளுக்கும் இதே ஏற்பாடுதான். அப்பா தம் ஆள்காட்டி விரலின் நடுக்கணுவை இன்னொரு கையால் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நீங்களும் அசைத்துப் பாருங்கள். மடக்க இலகுவாக வரும் கணு, பக்கத்தில் அசைய மறுக்கும். அடுத்து விரலின் அடிமூட்டை அசையுங்கள். அது பக்கவாட்டிலும் போகும். ஏனென்றால் அது கீல் இல்லை.

ஒரே உறைக்குள் மூன்று மூட்டுகள் இருப்பதுதான் முழங்கையின் இன்னொரு சிக்கல். அல்னாவும் கப்பியும் சேர்ந்தது ஒன்று. கப்பிக்குப் பக்கத்தில் பாதிக் கோலிக்குண்டுபோல ஒரு புடைப்பு இருக்கிறது. ரேடியஸின் வட்டத்தட்டு அதன்மேல் அமர்வது இரண்டாவது. இந்த இரண்டும் ஒரே அச்சில் மடங்குகின்றன. கதவின் மூன்று கீல்களும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் கதவு முனகும் என்று அப்பா சொல்வாரே, அதுபோல இவையும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மூன்றாவது மூட்டு கீல் இல்லை, முளை மூட்டு. வட்டத்தட்டைச் சுற்றி ஒரு வளைய நார் இருக்கிறது. அதற்குள் தட்டு தானே சுழலும். உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புவது இதன் வேலை.

இந்த வேறுபாடு தெரியாமல் நான் மிகவும் குழம்பிப்போனேன். கட்டுப் பிரித்த மறுவாரம் கோயிலில் தீர்த்தம் வாங்கக் கையை நீட்டினேன். உள்ளங்கை மேலே திரும்பவில்லை. பக்கவாட்டில் நின்ற கையில் அர்ச்சகர் ஊற்றிய தண்ணீர் புடவையில் வழிந்தது. தோசையைத் திருப்புவது, சாவியைத் திருகுவது, தீர்த்தம் வாங்குவது எல்லாம் முளையின் வேலை. சாதம் உண்பது, தலை பின்னுவது, அலமாரியின் மேல்தட்டை எட்டுவது எல்லாம் கீலின் வேலை. எனக்கு முறிந்தது இரண்டுக்கும் பொதுவான அந்த வட்டத்தட்டு. அதனால் இரண்டும் நின்றன. உங்களுக்குக் கை வரவில்லை என்றால், மடங்கவில்லையா, நீளவில்லையா, திரும்பவில்லையா என்று தனித்தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். மூன்றுக்கும் பயிற்சி வேறு.

(அந்த வளைய நார் சிறு குழந்தைகளுக்கு இன்னும் தளர்வாக இருக்கும். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையை மணிக்கட்டைப் பிடித்துச் சட்டென்று தூக்கினாலோ இழுத்தாலோ தட்டு வளையத்திலிருந்து நழுவிவிடும். பிள்ளை கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அழும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குங்கள்.)

கணக்கு ஆசிரியை என்பதால் முதல் வேலையாகக் கோணமானியைத் தேடினேன். மகளின் கருவிப் பெட்டியில் இருந்தது. அளந்து குறித்துக்கொண்டு போனேன். பயிற்சியாளர் எழுதிய எண்ணும் என் எண்ணும் ஒத்துப்போகவில்லை. நாம் நேர்க்கோணத்தை 180 என்கிறோம். அவர்களுக்கு நேராக நீண்ட கை 0. மடக்க மடக்க எண் ஏறும். என் கை என் கணக்கில் 130-இலிருந்து 80 வரை அசைந்தது; அவர்கள் கணக்கில் 50-இலிருந்து 100 வரை. நல்ல முழங்கை 0-இலிருந்து ஏறத்தாழ 145 வரை போகும். 1981-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அன்றாட வேலைகளுக்கு எவ்வளவு தேவை என்று அளந்தார்கள். 30 முதல் 130 வரை, அதாவது 100 பாகை இருந்தால் பெரும்பாலான வேலைகள் நடக்கும் என்று கண்டார்கள். என்னிடம் அதில் பாதி இருந்தது. கையால் பிசைந்து உண்பதற்கும், காதில் தோடு மாட்டுவதற்கும், பின்னந்தலையில் பின்னல் போடுவதற்கும் மடக்கும் பக்கம் 130-ஐத் தாண்டி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பது என் அனுபவம். நீட்டும் பக்கத்தில் 20, 30 பாகை குறைந்தால் ஓரடி முன்னால் நகர்ந்து நின்று சமாளிக்கலாம். மடக்கும் பக்கத்தில் குறைந்ததை ஈடுகட்ட வழியே இல்லை. வாயைக் கைக்குக் கொண்டுபோக முடியாது. எனவே மடக்குவதற்கு முதலிடம் கொடுத்தேன்.

மூட்டு ஏன் இறுகுகிறது என்பதற்குப் பயிற்சியாளர் சொன்ன விளக்கம் இன்றும் மனத்தில் நிற்கிறது. வீங்கிய முழங்கையைக் கவனித்தால் அது 80 பாகை அளவில் தானாகவே மடங்கி நிற்கும். அந்த நிலையில்தான் உறைக்குள் திரவம் தங்க அதிக இடம் இருக்கிறது, வலி குறைகிறது. வலி குறைகிறதே என்று நாமும் அப்படியே வைத்திருப்போம். முன்பக்க உறையின் மடிப்பு பயன்படாமல் கிடந்து, தடித்துச் சுருங்கி, ஒட்டிக்கொள்ளும். உள்ளே குருத்தெலும்புக்கும் சிரமம். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் அந்த வழவழப்பான பூச்சுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுத் திரவத்திலிருந்துதான் அதற்கு உணவு. அழுத்தும்போது கழிவு வெளியேறும், விடும்போது புதிய திரவம் உள்ளே ஊறும். நனைந்த பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல. அசைவு நின்றால் அந்தப் பிழிதலும் நின்றுவிடுகிறது. நான் பாதுகாப்பு என்று நினைத்த ஆறு வாரமும் என் மூட்டு பட்டினி கிடந்திருக்கிறது.

அப்பாவிடம் பயிற்சியைப் பற்றிப் புலம்பினேன். மெதுவாக, மெதுவாக என்றே சொல்கிறார்கள், எப்போது சரியாகும் என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொல்லைக் கதவின் துருப்பிடித்த கீல் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். "இதை அடித்துத் திறந்தால் இலை திறக்காது அம்மாடி. திருகாணி மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்" என்றார். எண்ணெய் விட்டுவிட்டு ஒரு நூல் அளவு திறந்தார், மூடினார். மறுபடி ஒரு நூல். அரை மணி நேரம் ஆனது. கடைசியில் கீல் முழுக்க விரிந்தது. ஊசியின் மேல் துரு கோடு கோடாக வழிந்திருந்தது. நான் அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பயிற்சி எப்படி இருந்தது என்று விவரமாகச் சொல்கிறேன். ஆனால் எந்த நாளில் எதைத் தொடங்குவது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முறிவின் வகைக்கு ஏற்ப அது மாறும். காலையில் எழுந்ததும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முழங்கையில் பத்து நிமிடம் சுற்றிவைப்பேன். பிறகு மல்லாந்து படுத்து, மேற்கையைக் கூரையைப் பார்க்க நேராக நிறுத்தி, முன்கையை முகத்தை நோக்கி மெதுவாக விடுவேன். எடையே கையை மடக்கும். தசை போராட வேண்டியதில்லை. உட்கார்ந்துகொண்டு மடக்குவதைவிட இது எனக்கு இரண்டு மடங்கு பலன் கொடுத்தது. நீட்டுவதற்கு, மேசை விளிம்பில் மேற்கையின் கீழ் மடித்த துண்டை வைத்து, முன்கையை வெளியே தொங்கவிடுவேன். முப்பது எண்ணும்வரை அப்படியே இருப்பேன். தினமும் ஐந்தாறு முறை. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம்தான். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்த நாளின் மறுநாள் கை இன்னும் இறுகியது.

பயிற்சியாளர் ஒருபோதும் என் கையை இழுக்கவில்லை. "நான் நீட்டமாட்டேன் டீச்சர், நீங்கள்தான் நீட்ட வேண்டும்" என்பார். இதற்குக் காரணம் தசைகளின் இணை வேலை. மடக்குவது முன்பக்கத்துப் பைசெப்ஸும் பிரேக்கியாலிஸும். நீட்டுவது பின்பக்கத்து டிரைசெப்ஸ். ஒன்று இழுக்கும்போது மற்றது தளர்ந்து கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து யாராவது இழுத்தால் பயந்துபோன தசை தளராமல் எதிர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அதைத் தளரவைக்க ஒரு வழி கற்றுக்கொடுத்தார். நீட்ட முடிகிற எல்லையில் நின்று, மடக்குவதுபோல அவர் கையை எதிர்த்து ஐந்து எண்ணும்வரை லேசாக அழுத்த வேண்டும். பிறகு மூச்சை விட்டுத் தளர வேண்டும். தளர்ந்த அந்த நொடியில் இரண்டு பாகை கூடுதலாகக் கிடைக்கும். அந்த இரண்டு பாகையை என் கண்ணால் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது!

"தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நட, கை தானே நீளும்" என்று சொல்லாதவர் இல்லை. முதல் மாதங்களில் அதைச் செய்யாதீர்கள். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. செங்கோணமாக மடித்த கையில் 5 கிலோ அரிசிப் பையைத் தாங்குவதாக வைத்துக்கொள்வோம். பை இருக்கும் இடம் முழங்கை அச்சிலிருந்து ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். பைசெப்ஸ் எலும்பில் பிடித்திருக்கும் இடம் அச்சிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்தான். 35-க்கு 5, ஏழு மடங்கு. 5 கிலோவைத் தாங்க, முன்கையின் எடையை விட்டுவிட்டாலும், தசை 35 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அந்த விசையின் பெரும்பகுதி மூட்டின்மேல் அழுத்தமாக இறங்கும். கதவின் கைப்பிடியைத் தச்சர் கீலிலிருந்து தள்ளி வைப்பார். உடம்பு தன் கைப்பிடியைக் கீலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது. பலத்தில் இழந்தாலும் வேகத்திலும் தூரத்திலும் அதற்கு லாபம்: தசை 1 சென்டிமீட்டர் சுருங்கினால் கை 7 சென்டிமீட்டர் நகர்கிறது. பந்து எறிவதும் கோலம் போடுவதும் அதனால்தான் முடிகிறது. வாளியைத் தொங்கவிட்டாலும் இதே கதைதான். பயந்த பைசெப்ஸ் அதை மேலே இழுத்துப் பிடிக்கப் பார்க்கும்; நீளவேண்டிய கை இறுகும்.

எது நல்ல வலி, எது கெட்ட வலி என்று பிரித்தறிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. இழுபடுவதுபோன்ற வலி பயிற்சி முடிந்து அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டால் சரி. மறுநாள் காலை மூட்டு சூடாக, வீங்கி இருந்தால் முந்தின நாள் அதிகம் செய்திருக்கிறோம். அன்று பாதியாகக் குறைக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். முழங்கையின் உட்பக்க எலும்பு முடிச்சுக்குப் பின்னால், தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. மேசை விளிம்பில் இடித்தால் சுரீரென்று மின்சாரம்போலப் பாய்வது அதுதான். கையை மடக்கி மடக்கி வைக்கும்போது அந்த நரம்பு இழுபடும். சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போனால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். எனக்கு ஒரு வாரம் அப்படி இருந்தது. இரவில் கையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்துத் தூங்கியதை விட்டதும் சரியாயிற்று.

விழுந்தவுடன் வீட்டில் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒன்றும் உண்டு. பெரியவர்கள் விழுந்த பிறகு முழங்கையை மற்றக் கையைப்போல முழுக்க நீட்ட முடியவில்லை என்றால், வீக்கம் குறைவாக இருந்தாலும், எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள். நான் அன்று அரை நாளைத் தைலம் தடவியே கழித்தேன்.

இதே காலத்தில் அப்பாவின் முழங்காலும் எங்கள் பேச்சில் சேர்ந்துகொண்டது. அவருக்கு மூட்டுத் தேய்மானம். முழங்காலையும் கீல் மூட்டு என்றுதான் பாடத்தில் எழுதுகிறோம். ஆனால் அது கலப்புக் கீல். தொடை எலும்பின் உருண்ட முனைகள் தட்டையான கால் எலும்பின்மேல் உருளவும் வழுக்கவும் செய்கின்றன. காலை முழுக்க நீட்டும் கடைசிக் கட்டத்தில் கால் எலும்பு சற்று வெளிப்புறமாகத் திரும்பிப் பூட்டிக்கொள்கிறது. வகுப்பில் மணிக்கணக்காக நின்று பாடம் நடத்தும் என்னைப்போன்றவர்களின் தொடைத்தசை ஓய்வெடுப்பது அந்தப் பூட்டினால்தான். மடக்கத் தொடங்கும்போது முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறிய தசை அந்தப் பூட்டைத் திறக்கிறது. அப்பாவுக்குக் கால் முழுக்க நீளாததால் பூட்டு விழவில்லை; நிற்கும்போதெல்லாம் தொடை உழைத்துக் களைத்தது. அவரும் என்னோடு பயிற்சிக்கு வரத் தொடங்கினார். குதிகாலின் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலைத் தரையை நோக்கி அழுத்தி, பத்து எண்ணும்வரை பிடிப்பார். மாலையில் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்போம்.

மூன்று மாத முடிவில் என் கை 20-இலிருந்து 130 வரை வந்தது. முதல் கவளத்தை வலது கையால் உண்ட நாள் பங்குனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வத்தக்குழம்பு சாதம். ஐந்தாம் மாதம் தீர்த்தம் சிந்தாமல் வாங்கினேன். ஏழாம் மாதம் மகளுக்குத் தலை பின்னிவிட்டேன்; அவள் வேண்டுமென்றே அசையாமல் உட்கார்ந்திருந்தாள், பின்னல் கோணலாக இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. முன்னேற்றம் ஒரே சீராக இருக்கவில்லை. நான்காம் மாதம் முழுவதும் எண் நகரவே இல்லை. விட்டுவிடலாம் என்று தோன்றியது. அந்த மாதம் பயிற்சியாளர் நோட்டைப் பார்க்காமல், கரும்பலகையில் எவ்வளவு உயரத்தில் எழுதுகிறீர்கள் என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புக் கோடு பலகையின் நடுவிலிருந்து ஒரு சாண் மேலே ஏறியிருந்தது.

இப்போது ஓராண்டுக்கு மேல் ஆகிறது. 8-இலிருந்து 138 வரை. அந்த 8 பாகை இனி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வட்டத்தட்டு முறிந்தவர்களில் பலருக்குக் கடைசிச் சில பாகைகள் திரும்புவதில்லை. கையை நீட்டி நின்றால் எனக்கு மட்டும் தெரியும் அளவு அது. மாதத்தின் முதல் தேதியில் இன்னும் அளக்கிறேன். நேற்று அளந்தபோதும் 8. கோணமானியைத் துடைத்து மகளின் கருவிப் பெட்டியில் வைத்தேன். அவளுக்கு இந்த வாரம் வடிவியல் தேர்வு.